மாஸ்கோ டிராலிபஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாஸ்கோவில் 1933 முதல் 2020 வரை டிராலிபஸ் ஓடியது. ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய டிராலிபஸ் வலை அதுதான். இன்று அந்த நகரத்தின் முக்கியத் தெருக்களில் அண்ணாந்து பார்த்தால் கம்பிகள் இல்லை. என்ன நடந்தது என்று பலரும் கேட்கிற கேள்விகளும், எனக்குத் தெரிந்த பதில்களும் இங்கே.

டிராலிபஸ் என்பது டிராமா, பஸ்ஸா?

இரண்டுக்கும் நடுவில் பிறந்த பிள்ளை. ரப்பர் டயரில் சாதாரணச் சாலையில் ஓடும், தண்டவாளம் வேண்டாம். ஆனால் டீசல் எஞ்சின் கிடையாது. சாலைக்கு மேலே கட்டிய கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து மோட்டாரில் ஓடும். கூரையிலிருந்து இரண்டு நீளமான கழிகள் மேலே நீண்டு கம்பியைத் தொட்டுக்கொண்டே வரும். ரஷ்யர்கள் அவற்றைக் 'கொம்பு' என்பார்கள். பார்த்தால் அப்படித்தான் இருக்கும். நானும் இங்கே கொம்பு என்றே எழுதுகிறேன்.

டிராமுக்கு ஒரே கம்பி போதும்போது இதற்கு ஏன் இரண்டு?

வந்த மின்சாரம் திரும்பிப் போக ஒரு பாதை வேண்டும். டிராமுக்குக் கீழே இரும்புத் தண்டவாளம் இருக்கிறது, அதன் வழியே போய்விடும். ரப்பர் டயர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் வருவதற்கு ஒரு கம்பி, போவதற்கு ஒரு கம்பி. மாஸ்கோவில் இருந்தது சுமார் 600 வோல்ட் நேர்மின்னோட்டம்.

கொம்பு இடமும் வலமும் திரும்பும் என்பதால், கம்பிக்கு நேர் கீழேதான் போகவேண்டும் என்றில்லை. ஏறக்குறைய நாலரை மீட்டர் வரை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விலகலாம். ஓரமாக நிற்கும் காரைச் சுற்றிப் போகலாம். ஆனால் முன்னால் இன்னொரு டிராலிபஸ் பழுதாகி நின்றால் கதை வேறு. அதன் கொம்பைக் கம்பியிலிருந்து இறக்கினால்தான் பின்னால் வருவது நகர முடியும்.

மாஸ்கோவில் எப்போது தொடங்கியது?

1933 நவம்பர் 15. ட்வெர்ஸ்கயா ஜஸ்தாவாவிலிருந்து, அதாவது பெலாருஸ்கி ரயில் நிலையத்துப் பக்கத்திலிருந்து, லெனின்கிராட் நெடுஞ்சாலை வழியாக பக்ரோவ்ஸ்கயே-ஸ்த்ரேஷ்னெவோ வரை முதல் தடம். வண்டியின் பெயர் 'எல்கே'. லாசர் ககனோவிச்சின் முதலெழுத்துகள் அவை. அப்போது மாஸ்கோ கம்யூனிஸ்ட் கட்சி அமைப்பு அவர் கையில் இருந்தது. அடிச்சட்டம் யாரோஸ்லாவ்ல் ஆலையிலிருந்து வந்தது, மின்சாதனங்கள் மாஸ்கோவின் 'தினமோ' ஆலையில் செய்தவை. உடலின் சட்டகம் மரம்.

அந்த மர வண்டி அதிக நாள் நிலைக்கவில்லை. 1937 டிசம்பரில் லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) ஒரு எல்கே வண்டியின் முன் டயர் வெடித்து, அது ஃபொந்தான்கா ஆற்றுக்குள் பாய்ந்தது. பயணிகள் பலர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்த வகை வண்டி சாலையை விட்டுப் போனது.

டிராம் ஏற்கனவே இருந்ததே, பிறகு இது எதற்கு?

இந்தக் கேள்வியை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும். 1935இல் மாஸ்கோவுக்கு ஒரு பெரிய மறுசீரமைப்புத் திட்டம் வந்தது. தெருக்களை அகலமாக்குவது, நகர நடுவிலிருந்து டிராமை வெளியே தள்ளுவது, அந்த இடத்தில் பஸ்ஸும் டிராலிபஸ்ஸும் விடுவது. தண்டவாளம் தெருவின் அழகைக் கெடுக்கிறது, டிராம் சத்தம் போடுகிறது, பழைய காலத்துச் சமாச்சாரம் என்ற எண்ணம் அன்று இருந்தது. கார்க்கி தெரு என்று அப்போது பெயர் மாற்றப்பட்டிருந்த ட்வெர்ஸ்கயாவில் டிராம் போய் டிராலிபஸ் வந்தது. அன்றைய கணக்கில் டிராலிபஸ்தான் நவீனம்.

டிராலிபஸ் கவிழ்ந்துவிடும் என்று ஸ்டாலின் பயந்தாராமே?

நிகிதா குருஷ்சேவ் பின்னாளில் சொன்ன கதை இது. அப்போது அவர் ககனோவிச்சுக்குக் கீழே மாஸ்கோ கட்சி வேலையில் இருந்தார். சோதனை ஓட்டம் நடக்கப்போகிறது. வண்டி சரிவில் கவிழ்ந்துவிடுமோ என்று ஸ்டாலினுக்குக் கவலை, வேண்டாம் என்றாராம். செய்தி வந்து சேர்வதற்குள் சோதனை முடிந்து வண்டி பத்திரமாகத் திரும்பியிருந்தது. அப்புறம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொன்னவர் குருஷ்சேவ் என்பதால் கொஞ்சம் உப்பு, காரம் கூடியிருக்கலாம்.

மாடி டிராலிபஸ் ஓடியது உண்மையா?

உண்மை. 1937இல் இங்கிலாந்திலிருந்து ஒரு மாடி வண்டி வாங்கினார்கள். அதைப் பார்த்து யாரோஸ்லாவ்லில் 1938, 39இல் பத்து வண்டிகள் செய்தார்கள். 1953 வரை மாஸ்கோவில் ஓடின. உயரத்துக்கு ஏற்றபடி கம்பியைத் தூக்கிக் கட்டவேண்டியிருந்தது. உள்ளேயோ கூரை தாழ்வு, உயரமானவர்கள் குனிந்தே நிற்கவேண்டும். குளிர்காலத்தில் கனமான மேலங்கியோடு குறுகிய படியில் ஏறி இறங்குவதைக் கற்பனை செய்து பாருங்கள். லண்டனில் சரிப்பட்டது மாஸ்கோவில் சரிப்படவில்லை.

போர்க்காலத்தில் என்ன ஆனது?

பெட்ரோலும் லாரிகளும் போர்முனைக்குப் போய்விட்டன. நகரத்துக்கு விறகும் நிலக்கரியும் காய்கறியும் யார் கொண்டுவருவது? பயணி வண்டிகள் சிலவற்றைச் சரக்கு டிராலிபஸ்ஸாக மாற்றினார்கள். கம்பி போகும் தெருவெல்லாம் சரக்கு போனது.

'புகாஷ்கா' என்றால் என்ன?

சின்னப் பூச்சி. மாஸ்கோவின் நடுப்பகுதியைச் சுற்றி சதோவயே கல்த்சோ என்றொரு வட்டச் சாலை உண்டு, பொருள் தோட்ட வளையம். சுமார் 16 கிலோமீட்டர். அதைச் சுற்றி வந்த தடத்துக்கு எண் இல்லை, 'பி' என்கிற எழுத்து மட்டும். முதலில் டிராம், 1930களின் நடுவிலிருந்து டிராலிபஸ். அந்த எழுத்திலிருந்து செல்லமாக வந்த பெயர்தான் புகாஷ்கா. ஒரே டிக்கெட்டில் நகரத்தை ஒரு சுற்று சுற்றி ஏறின இடத்திலேயே இறங்கலாம். பெரிய ரயில் நிலையங்கள் பலவற்றைத் தொட்டுக்கொண்டு போகும் என்பதால் மூட்டை முடிச்சோடு ஏறுபவர்கள் அதிகம். இன்றும் அந்தச் சாலையில் 'பி' உண்டு. ஆனால் அது பேட்டரி பஸ்.

டிக்கெட் எவ்வளவு? உண்டியலில் காசு போட்டார்கள் என்கிறார்களே?

1961இல் ரூபிள் மாற்றப்பட்ட பிறகு நெடுங்காலம் ஒரே விலைதான்: டிராமுக்கு 3 கோபெக் (நூறு கோபெக் ஒரு ரூபிள்), டிராலிபஸ்ஸுக்கு 4, பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் 5. எவ்வளவு தூரம் போனாலும் அதே காசு.

1960களில் நடத்துநர்களை எடுத்துவிட்டு உள்ளே ஒரு பெட்டி வைத்தார்கள். உண்டியல் மாதிரிதான். காசைப் போடவேண்டியது, சுருளிலிருந்து ஒரு டிக்கெட்டைக் கிழித்துக்கொள்ள வேண்டியது. போட்டீர்களா, எவ்வளவு போட்டீர்கள் என்பதற்குச் சுற்றி நிற்பவர்கள்தான் சாட்சி. கூட்டத்தில் பெட்டிவரை போக முடியாதவர்கள் முன்னால் நிற்பவரிடம் காசைக் கொடுப்பார்கள், அது கை மாறிக் கை மாறிப் போகும், டிக்கெட் அதே வழியில் திரும்பி வரும். மீதிச் சில்லறை வேண்டுமானால் அடுத்து வருபவர்களிடம் 'காசைப் பெட்டியில் போடாதீர்கள், என்னிடம் கொடுங்கள்' என்று கேட்டு வாங்கிக்கொள்வார்கள். நம் ஊர் டவுன் பஸ்ஸில் சில்லறை கைமாறிப் போவதைப் பார்த்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை, நடத்துநர் இல்லை என்பதைத் தவிர.

டிக்கெட் என்றதும் 'அதிர்ஷ்ட டிக்கெட்' பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. டிக்கெட்டில் ஆறு இலக்க எண் இருக்கும். முதல் மூன்றைக் கூட்டுங்கள், கடைசி மூன்றைக் கூட்டுங்கள். இரண்டும் ஒன்றானால் அதிர்ஷ்டம். உதாரணம் 274391: இந்தப் பக்கம் 13, அந்தப் பக்கமும் 13. ஏதாவது ஒன்றை நினைத்துக்கொண்டு அந்த டிக்கெட்டை மென்று விழுங்கினால் நினைத்தது நடக்கும் என்பது நம்பிக்கை. ஆமாம், விழுங்கவேண்டும். பரீட்சைக்குப் போகிற மாணவர்கள் எத்தனை பேர் காகிதம் தின்றிருப்பார்களோ.

லெனின்கிராட்காரர்களின் கணக்கு வேறு. ஒற்றைப்படை இடங்களில் உள்ள எண்களை ஒரு பக்கமும் இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றை மறுபக்கமும் கூட்டுவார்கள். மேலே சொன்ன 274391 அங்கே போனால் 15க்கு 11, அதிர்ஷ்டம் இல்லை. ஆனால் கணிதத்தில் இரண்டு ஊரும் சமம். 000000 முதல் 999999 வரை உள்ள பத்து லட்சம் எண்களில் மாஸ்கோ முறைப்படியும் 55,252 தேறும், லெனின்கிராட் முறைப்படியும் அதே 55,252. ஏறக்குறைய பதினெட்டில் ஒன்று. தினமும் வேலைக்குப் போய்வருகிறவருக்கு மாதத்தில் இரண்டு மூன்று முறை அதிர்ஷ்டம் அடித்திருக்கும்.

2000களில் நிலைமை தலைகீழ். முன்கதவில் ஏறியதும் சுழல் தடுப்பு வைத்துவிட்டார்கள். பனியில் நாற்பது பேர் வரிசையாக நின்று ஒவ்வொருவராக அட்டையைக் காட்டி உள்ளே போகவேண்டும். வண்டி கிளம்ப நேரமாகும். மக்கள் அதைத் திட்டாத நாள் இல்லை. 2018இல் எடுத்தார்கள். அதற்குள் டிராலிபஸ்ஸே கிளம்பும் நேரம் வந்துவிட்டது.

ஓடும்போது கொம்பு கழன்றுவிட்டால்?

வண்டி நின்றுவிடும். ஓட்டுநர் தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கி, பின்பக்கம் தொங்கும் கயிறுகளைப் பிடித்துக் கொம்பை இழுத்து, கம்பியில் திரும்பப் பொருத்தவேண்டும். கொட்டும் பனியிலும் இதைத்தான் செய்யவேண்டும். மாஸ்கோ டிராலிபஸ் ஓட்டுநர்களில் பெண்கள் நிறைய. நடுச்சாலையில் ஒரு பெண் இரண்டு கயிற்றையும் பிடித்து அண்ணாந்து நின்று கம்பியைக் குறிபார்ப்பது அந்த ஊரில் அன்றாடக் காட்சி.

கம்பிகள் பிரியும் இடங்களிலும் ஒன்றையொன்று வெட்டும் இடங்களிலும்தான் அதிகம் கழலும். அங்கே வேகத்தைக் குறைத்து ஊர்ந்து போகவேண்டும். எந்தப் பக்கம் பிரிவது என்பதை வண்டியிலிருந்தே தீர்மானிக்கலாம்: மின்சாரத்தை இழுத்தபடி போனால் ஒரு பக்கம், மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு உருண்டு போனால் மறு பக்கம். எளிமையான, அழகான ஏற்பாடு. ஓட்டுநர் ஒரு நொடி கவனம் பிசகினால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார், அவ்வளவுதான். கொம்பின் நுனியில் கம்பியை உரசிக்கொண்டே போகும் கரித்துண்டு ஒன்று உண்டு. மழையிலும் உறைபனியிலும் அது சீக்கிரம் தேயும்.

ஏறும்போது ஷாக் அடிக்குமா?

இதை வதந்தி என்று தள்ளிவிட முடியாது. டிராமில் எங்காவது மின்கசிவு இருந்தாலும் சக்கரம், தண்டவாளம் வழியாக மண்ணுக்குள் போய்விடும். டிராலிபஸ் ரப்பர் மேல் நிற்கிறது. உடலில் கசிவு இருந்தால் அது வெளியேற வழி இல்லை. ஒரு காலைத் தரையில் வைத்தபடி கைப்பிடிக் கம்பியைப் பிடிக்கிறீர்கள், இப்போது வழி நீங்கள்தான். மழைத் தண்ணீரும், பனியை உருக்க சாலையில் தூவும் உப்பும் சேர்ந்தால் கசிவு கூடும். அதனால்தான் கசிவை அளந்து பார்த்துவிட்டே வண்டியை வெளியே விடுவார்கள். பிற்கால வண்டிகளில் இரட்டைக் காப்பும் கசிவைக் காட்டும் கருவியும் வந்தன. உள்ளே ஏறிவிட்ட பயணிக்கு ஆபத்து இல்லை. கம்பியில் உட்காரும் குருவிக்கு ஒன்றும் ஆகாததைப் போல.

1991 ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியில் டிராலிபஸ்ஸுக்கு என்ன வேலை?

1991 ஆகஸ்டில் கோர்பச்சேவை ஓரங்கட்டி ஒரு குழு ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தது. நகரத்துக்குள் ராணுவ வண்டிகள் வந்தன. ஆகஸ்ட் 20 இரவு, தோட்ட வளையச் சாலையில் புதிய அர்பாத் தெருவுக்குக் கீழே போகும் சுரங்கப்பாதையின் வாயில் மக்கள் டிராலிபஸ்களைக் குறுக்கே நிறுத்தி அடைத்தார்கள். உள்ளே வந்த கவச வண்டிகள் அந்த அடைப்பில் சிக்கின. நள்ளிரவு தாண்டி நடந்த மோதலில் திமித்ரி கொமார், விளாதிமிர் உசோவ், இல்யா கிரிச்செவ்ஸ்கி என்ற மூன்று பேர் உயிரிழந்தார்கள். மறுநாளே ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி சரிந்தது. அந்த நாட்களின் புகைப்படங்கள் சிலவற்றில் ராணுவ வண்டிகளுக்கு எதிரே தெரிவது டிராலிபஸ்கள்தான்.

பழைய படங்களில் எல்லா வண்டியும் ஒரே மாதிரி இருக்கிறதே?

பெரும்பாலும் ஒரே வகைதான். 'ஜியூ-9'. வோல்கா கரையில் எங்கெல்ஸ் நகரத்து உரித்ஸ்கி ஆலையில் 1972 முதல் செய்தார்கள். 42,000க்கும் மேல் செய்யப்பட்டது, உலகில் இவ்வளவு எண்ணிக்கையில் வேறு எந்த டிராலிபஸ்ஸும் வந்ததில்லை. ஏதென்ஸ், புடாபெஸ்ட், பெல்கிரேட், தென்னமெரிக்காவின் பொகோட்டா வரை போனது. சதுரமான பெட்டி, மூன்று கதவு, கிளம்பும்போது ஒரு முனகல். அழகு என்று சொல்லமாட்டேன். உழைப்பாளி.

வலை எவ்வளவு பெரியதாக இருந்தது?

உச்சத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள், நூற்றை ஒட்டிய தடங்கள். சோவியத் காலத்திலிருந்து 2010கள் வரை உலக முதலிடம். (மிக நீளமான ஒற்றைத் தடம் வேறு ஊரில்: கிரிமியாவில் சிம்ஃபெரோபோலிலிருந்து யால்டாவரை மலை ஏறி இறங்கிப் போவது, சுமார் 86 கிலோமீட்டர்.)

பிறகு ஏன் மூடினார்கள்?

நகர நிர்வாகம் சொன்ன காரணங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அவை பொய்யல்ல. கம்பியும் துணை மின்நிலையங்களும் பழசாகியிருந்தன. சாலை வேலை, விபத்து, ஊர்வலம் என்று எது வந்தாலும் டிராலிபஸ் வேறு தெருவில் சுற்றிப் போகமுடியாது. ஒன்று நின்றால் பின்னால் வரிசையாக நிற்கும். சந்திப்புகளில் ஊர்ந்து போவதால் பின்னால் வரும் கார்களுக்கும் எரிச்சல்.

சரி. ஆனால் இவற்றில் எதுவும் 2010களில் புதிதாக முளைத்தது இல்லை. புதிதாக வந்தது தெருவை அழகுபடுத்தும் ஆசை. மேயர் செர்கேய் சப்யானின் காலத்தில் 2015 முதல் 'என் தெரு' என்ற பெரிய திட்டம் நடந்தது. நடைபாதையை அகலமாக்கினார்கள், கருங்கல் பதித்தார்கள், மின்கம்பிகளைத் தலைக்கு மேலிருந்து எடுத்தார்கள். ட்வெர்ஸ்கயா, புல்வார் வளையம், தோட்ட வளையம் என்று நடுநகரத்துத் தடங்கள் ஒவ்வொன்றாகப் போயின. வேலை முடிந்ததும் கம்பி திரும்ப வரும் என்று காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். நடுவில் அறுந்த பிறகு மிச்சமிருந்தவை துண்டு துண்டுத் தடங்கள். துண்டாகிவிட்ட வலையில் பயணிகள் குறைவார்கள், பயணிகள் குறைந்தால் அதையே காரணம் காட்டி அடுத்த தடத்தையும் நிறுத்தலாம்.

1930களில் தண்டவாளம் அசிங்கம் என்று டிராமை நடுநகரத்திலிருந்து அனுப்பி டிராலிபஸ்ஸைக் கொண்டுவந்தார்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா. எண்பது வருடம் கழித்து அதே தெருவில் அதே வாதம், இம்முறை கம்பிக்கு எதிராக.

யாரும் எதிர்க்கவில்லையா?

எதிர்த்தார்கள். கையெழுத்து வாங்கினார்கள், கூட்டம் போட்டார்கள். போக்குவரத்து நிபுணர்கள் சிலரும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். பலன் இல்லை.

பேட்டரி பஸ் வந்துவிட்டதே, அது நல்லதுதானே?

நல்லதுதான். டீசல் பஸ்ஸோடு ஒப்பிட்டால் மிக நல்லது. 2018 செப்டம்பர் 1 அன்று மாஸ்கோவில் மின்சாரப் பஸ் தொடங்கியது. முதல் தடம் 73, அதுவும் டிராலிபஸ் ஓடிக்கொண்டிருந்த தடம். கடைசி நிறுத்தத்தில் ஒரு கம்பத்துக்குக் கீழே போய் நின்றால் மேலிருந்து வேகமாக மின்னேற்றம் ஆகும், அடுத்த சுற்றுக்குக் கிளம்பலாம். சில ஆண்டுகளில் வண்டிகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. கம்பி இல்லாமல் எந்தத் தெருவிலும் திரும்பும். அந்தச் சௌகரியத்தை நான் மறுக்கவில்லை.

என் குறை, டீசல் பஸ்ஸை மாற்றுவதற்கு முன்னால் ஏற்கனவே மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருந்ததை மாற்றினார்களே என்பதுதான். இன்னொரு வேடிக்கையும் உண்டு. மாஸ்கோ குளிரில் வண்டிக்குள் சூடேற்றப் பேட்டரியை நம்பினால் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் முதலில் வந்த மின்சாரப் பஸ்களில் சூடேற்றும் கருவி டீசலில் ஓடியது. பழைய டிராலிபஸ் கம்பியிலிருந்தே சூட்டையும் எடுத்துக்கொண்டது.

மற்ற ஊர்களிலும் இப்படித்தானா?

இல்லை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் எதிர்த்திசையில் போனது. 2017 முதல் அங்கே பேட்டரியும் வைத்த டிராலிபஸ்களை விட்டிருக்கிறார்கள். கம்பி இருக்கும் தெருவில் ஓடிக்கொண்டே மின்னேற்றிக்கொள்ளும். கம்பி இல்லாத பகுதி வந்ததும் கொம்பை இறக்கிவிட்டுப் பேட்டரியில் போகும். பிராக் நகரம் 1972இல் டிராலிபஸ்ஸை மூடியது, 2017இல் இதே முறையில் திரும்பக் கொண்டுவரத் தொடங்கியது, அதுவும் பஸ் மூச்சு வாங்கும் ஒரு மேட்டுச் சாலையில்.

மாஸ்கோவின் கடைசி டிராலிபஸ் எப்போது ஓடியது?

2020 ஆகஸ்ட் 25. தொடங்கி 87 ஆண்டு நிறைய இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. ஒரு சின்ன திருத்தம்: வடமேற்கே ஒட்டியிருக்கும் ஹிம்கி நகரத்துக்குத் தனி டிராலிபஸ் உண்டு. அதன் வண்டிகள் அந்தத் தேதிக்குப் பிறகும் மாஸ்கோ எல்லைக்குள் இருக்கும் பிளானெர்னயா மெட்ரோ நிலையம் வரை வந்துபோயின. ஆக, 'மாஸ்கோவில் டிராலிபஸ்ஸே இல்லை' என்று அன்றைக்கு யாராவது பந்தயம் கட்டியிருந்தால் தோற்றிருப்பார்கள்.

நேரில் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

2020 செப்டம்பரில், கம்சமோல்ஸ்கயா சதுக்கத்தை ஒட்டி 'டி' என்ற அருங்காட்சியகத் தடம் ஒன்றைத் திறந்தார்கள். மூன்று பெரிய ரயில் நிலையங்கள் எதிரெதிரே நிற்கும் இடம் அது. சின்னச் சுற்றுதான், பழைய வண்டிகளை வைத்து ஓட்டுவது. போகிறவர்கள் பின்பக்கம் ஓட்டுநரின் கயிறுகள் தொங்குகின்றனவா என்று பாருங்கள். டிக்கெட் கிடைத்தால் எண்ணையும் கூட்டிப் பாருங்கள்.